அம்பயர் தப்பு பண்ணினால் நாம் என்ன பண்ணுவது?

(பொங்கல் விளையாட்டுப் போட்டிகளுக்கு முன்னோட்டமாக நமது கிளப் ஹவுஸில் நடந்த குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காகச் செய்தி மடலில் வெளியிடப்படுகிறது.)



செயலாளர் என்னிடம், "சார், போட்டிக்கு முன்னால் பத்து நிமிஷம் ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப் பற்றிப் பேசுங்கள்" என்றார். அந்தத் தலைப்பில் பேச எனக்குத் தகுதி இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. ஏன் தகுதி இல்லை என்பதையே இன்றைக்குப் பேசிவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

போன பொங்கல் போட்டியின் ஃபைனல் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். எட்டு ஓவர் மேட்ச், டென்னிஸ் பால். பி பிளாக்குக்கும் டி பிளாக்குக்கும் போட்டி. கடைசி ஓவரில் நாலு ரன் வேண்டும். என் பேரன் பேட்டிங். இரண்டாவது ரன்னுக்கு ஓடினான், பந்து ஸ்டம்பில் பட்டது, அம்பயர் விரலைத் தூக்கிவிட்டார். அந்த அம்பயருக்கு வயது பதினைந்து, பத்தாம் வகுப்பு. பெரியவர்கள் யாரும் முன்வராததால், "நான் நிற்கிறேன் அங்கிள்" என்று தானாக வந்து வெயிலில் மூன்று மணி நேரம் நின்ற பிள்ளை.

நான் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து, "கண்ணாடியைத் துடைச்சிட்டு வந்து நில்லுடா!" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதனால் இன்னொரு தடவையும் சொன்னேன். பிறகு நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள்.

அன்று இரவு யாரோ போனில் எடுத்த வீடியோ நம் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மட்டை கோட்டைத் தாண்டி உள்ளே இருந்தது நன்றாகத் தெரிந்தது. பையன் சொன்னது தப்புதான். அதற்குக் கீழே விதவிதமான பொம்மைகள், கண் பரிசோதனை முகாம் பற்றிய ஜோக்குகள். கடைசியில் அந்தப் பையனின் அப்பா ஒரே வரி எழுதினார்: மகன் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்று. நானும் அதைப் படித்தேன். நாம் சொன்னது சரியாகிவிட்டது என்ற திருப்தியோடு தூங்கப் போனேன்.

இந்த விஷயத்தில் பையன் சரி, நான் தப்பு என்றால் பேச்சு சுலபமாக முடிந்துவிடும். அவன் செய்தது தப்பு என்பதற்கு வீடியோ இருக்கிறது. நிஜமாகவே அம்பயர் தப்பு செய்தால் பார்க்கிறவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் என் கேள்வி. ஒரு வருடமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்த வேலையைக் கொஞ்சம் பாருங்கள். பிட்ச்சின் நீளம் 22 கஜம், சுமார் 20 மீட்டர். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து பேட்ஸ்மேனை அடைய ஏறக்குறைய அரை நொடி. அந்த அரை நொடிக்குள் அம்பயர் முதலில் பௌலரின் கால் கோட்டைத் தாண்டியதா என்று கீழே பார்க்க வேண்டும். உடனே நிமிர்ந்து பந்து எங்கே குத்தியது, லெக் ஸ்டம்புக்கு வெளியிலா, மட்டையில் உரசியதா, காலில் எங்கே பட்டது, ஸ்டம்பை நோக்கிப் போயிருக்குமா, மேலே போயிருக்குமா என்று முடிவு செய்ய வேண்டும். பதினொரு பேர் கத்திக் கேட்கும்போது இதைச் செய்ய வேண்டும். இப்போது கோட்டைப் பார்க்கிற வேலையைப் பல சர்வதேச ஆட்டங்களில் மூன்றாவது அம்பயரிடம் கொடுத்துவிட்டார்கள். ஒரு மனிதனின் கண் இரண்டு இடத்தில் ஒரே சமயத்தில் இருக்க முடியாது என்பதை விளையாட்டே ஒப்புக்கொண்டிருக்கிறது.

நாம் எங்கே உட்கார்ந்து பார்க்கிறோம்? சோபாவில். ஆறு கோணத்தில், மெதுவாக, பெரிதாக்கி, திரும்பத் திரும்ப. அதைப் பார்த்துவிட்டு, "இதுகூடத் தெரியலையா?" என்கிறோம். நமக்குத் தெரிந்தது ஆறாவது ரீப்ளேயில். அவருக்கு ஒரே ஒரு தடவைதான் காட்டினார்கள்.

இனி 1999-ம் வருடத்துக்குப் போவோம். ஜனவரி கடைசி வாரம், சேப்பாக்கம், பாகிஸ்தானோடு டெஸ்ட். நம்மில் பாதிப் பேராவது அதை டிவியில் பார்த்தவர்கள்தான். ஜெயிக்க 271 ரன். நாலாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே விக்கெட்டுகள் சரிந்தன. கங்குலி அடித்த பந்து பக்கத்தில் நின்ற ஃபீல்டர் மேல் பட்டு, தரையில் குத்தி எழும்பி, விக்கெட் கீப்பர் கைக்குப் போன மாதிரிதான் ரீப்ளேயில் தெரிந்தது. ஆனால் அவுட் கொடுத்துவிட்டார்கள். 82 ரன்னுக்கு ஐந்து விக்கெட். அதற்குப் பிறகு முதுகு வலியோடு சச்சின் ஆடிய 136-ஐ நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் அவுட்டானபோது 17 ரன் பாக்கி, மூன்று விக்கெட் கையில். நாலே ரன்னில் மூன்று விக்கெட்டும் போயிற்று. 12 ரன்னில் தோற்றோம்.

அந்தத் தோல்விக்குக் கோபப்பட காரணம் இல்லாமலா இருந்தது? தப்பான தீர்ப்பு இருந்தது. எதிரே இருந்தது பாகிஸ்தான். தோற்றது வெறும் 12 ரன்னில். என்ன நடந்தது? ஒரு நிமிஷம் மைதானம் உறைந்துபோய் இருந்தது. பிறகு ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். வாசிம் அக்ரமும் அவருடைய ஆட்களும் மைதானத்தை ஒரு சுற்று ஓடி அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டார்கள். இன்றைக்கும் பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் சென்னையைப் பற்றிப் பேசினால் அதைத்தான் பேசுகிறார்கள்.

மூன்று வாரம் கழித்து, பிப்ரவரியில், கல்கத்தா ஈடன் கார்டன்ஸ். அதே இரண்டு அணிகள். ஜெயிக்க 279. சச்சின் மூன்றாவது ரன்னுக்கு ஓடி வருகிறார். எல்லைக்கோட்டுப் பக்கத்திலிருந்து எறிந்த பந்து நேராக ஸ்டம்பில் படுகிறது. பந்தைப் பார்த்தபடி ஓடிவந்த சச்சின், ஸ்டம்புக்கு அருகில் நின்ற ஷோயப் அக்தர் மேல் மோதிவிட்டார். மட்டை கோட்டுக்கு உள்ளே தரையில் படவில்லை. மூன்றாவது அம்பயர் ரீப்ளேயைப் பார்த்து அவுட் கொடுத்தார். விதிப்படி பார்த்தால் அந்தத் தீர்ப்பு சரி. மோதியது வருத்தம்தான். ஆனால் மட்டை கோட்டுக்குள் தரையில் பட்டதா என்பதுதான் அவர் பார்க்க வேண்டியது.

கூட்டம் கொதித்துவிட்டது. பாட்டில்களும் கற்களும் மைதானத்துக்குள் பறந்தன. ஆட்டம் நின்றது. சச்சினே வெளியே வந்து அமைதியாக இருக்கும்படி கேட்டுக்கொண்ட பிறகுதான் மறுபடி தொடங்க முடிந்தது. கடைசி நாள் மறுபடியும் கலாட்டா. போலீஸ் பார்வையாளர்கள் எல்லோரையும் வெளியேற்றியது. காலி மைதானத்தில் கடைசி விக்கெட் விழுந்து, 46 ரன்னில் இந்தியா தோற்றது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தீர்ப்பு தப்பாக இருந்த ஊரில் கை தட்டினார்கள். தீர்ப்பு சரியாக இருந்த ஊரில் கல் எறிந்தார்கள். கல்கத்தாக்காரர்கள் மோசம், நாம் உசத்தி என்று சொல்ல வரவில்லை. அவர்களைப் போல் கிரிக்கெட்டை ரசிப்பவர்கள் குறைவு. போன பொங்கலுக்கு நம் மைதானத்தில் ஈடன் கார்டன்ஸ் நடத்தியவன் நான், சேப்பாக்கத்துக்காரன்தான். சொல்ல வருவது இதுதான்: நம் கோபத்தின் அளவுக்கும் தீர்ப்பின் தப்புக்கும் சம்பந்தமே இல்லை. எவ்வளவு ஆசைப்பட்டோமோ அவ்வளவு கோபம் வருகிறது. ஆனால் கோபம் வரும்போது, அது நியாயத்துக்காக வருவதாகவே நமக்குத் தோன்றும்.

இந்த இரண்டு ஆட்டங்களுக்கும் நடுவில் டெல்லியில் ஒரு டெஸ்ட் நடந்தது. கும்ப்ளே ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டும் எடுத்த ஆட்டம். அதில் அப்ரிடிக்கு கீப்பர் கேட்ச் என்று அவுட் கொடுத்தபோது, அவர் மட்டையில் படவில்லை என்கிற பாவனையில் நின்றுவிட்டு அதிருப்தியோடு போனார். பட்டதா, படவில்லையா? நம்மில் யாராவது அதை ஒரு தடவையாவது விவாதித்திருக்கிறோமா? கங்குலி அவுட் 25 வருடம் கழித்தும் ஞாபகம் இருக்கிறது. அப்ரிடி அவுட் நம் கணக்கிலேயே ஏறவில்லை. காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் மட்டும் பதிவு செய்கிற புத்தகம் ஒருநாளும் டேலி ஆகாது. பற்று எழுதினால் வரவும் எழுத வேண்டும். ரசிகர்களாகிய நாம் பற்று மட்டும் எழுதுகிறோம்.

"விளையாட்டில் கொஞ்சம் கத்துவது சகஜம்தானே சார், அதில் என்ன பெரிய நஷ்டம்?" என்று கேட்கலாம். 1964 மே 24-ந் தேதி, பெரு நாட்டுத் தலைநகரம் லிமாவில் ஒரு கால்பந்து ஆட்டம். டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்று. அர்ஜென்டினா 1-0 என்று முன்னணியில் இருக்கிறது. ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருக்கும்போது பெரு ஒரு கோல் போடுகிறது. ரெஃப்ரி செல்லாது என்கிறார். ஒரு ரசிகர் ரெஃப்ரியை அடிக்க மைதானத்துக்குள் ஓடினார். பிறகு இன்னொருவர். போலீஸ் அவர்களைத் தாக்கியது. கூட்டம் போலீஸ் மேல் பாய்ந்தது. கண்ணீர்ப்புகை வீசினார்கள். ஜனங்கள் படிக்கட்டு வழியாக வெளியே ஓடினார்கள். கீழே இரும்புக் கதவுகள் மூடியிருந்தன. முன்னால் போனவர்கள் கதவில் நசுங்கினார்கள். அரசாங்கக் கணக்குப்படி 328 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மூச்சுத்திணறி இறந்தவர்கள். போலீஸ் செய்ததும் மூடிய கதவும் பெரிய காரணங்கள், மறுக்கவில்லை. ஆனால் அது தொடங்கிய இடம், ஒரு தீர்ப்பு தப்பு என்று நினைத்த ஒரு மனிதர் தன் இடத்தை விட்டு எழுந்தது.

நம் அபார்ட்மெண்டில் அப்படி எதுவும் நடக்காது. இங்கே நடப்பது வேறு. அது சத்தமில்லாமல் நடக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

அப்படியானால் தப்பு நடந்தாலும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? இல்லை. தப்பைத் தப்பு என்று சொல்லாவிட்டால் எதுவும் திருந்தாது. 2008 ஜனவரி சிட்னி டெஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? ஆண்ட்ரூ சைமண்ட்ஸ் 30 ரன்னில் இருக்கும்போது மட்டையில் உரசிய பந்தை தோனி பிடித்தார். ஸ்டீவ் பக்னர் அவுட் கொடுக்கவில்லை. சைமண்ட்ஸ் 162 ரன் எடுத்து அவுட் ஆகாமல் நின்றார். உரசியது உண்மைதான் என்று அவரே அன்று ஒப்புக்கொண்டார். கடைசி நாளில் ராகுல் திராவிட் மட்டையில் படாத பந்துக்கு அவுட் ஆனார். 122 ரன்னில் தோற்றோம். அப்போது நாம் வீட்டில் கத்தினோம், ஊரில் சிலர் உருவ பொம்மை எரித்தார்கள். அதனால் ஒரு தீர்ப்பும் மாறவில்லை. கிரிக்கெட் வாரியம் முறைப்படி புகார் கொடுத்தது. அடுத்த பெர்த் டெஸ்டுக்கு பக்னருக்குப் பதில் வேறு அம்பயர் வந்தார். பெர்த்தில் நாம் 72 ரன்னில் ஜெயித்தோம். பல வருடம் கழித்து பக்னரும் அந்த டெஸ்டில் தான் தப்பு செய்ததை ஒப்புக்கொண்டார்.

அதே 2008-ல் இலங்கையில் நாம் ஆடிய டெஸ்ட் தொடரில்தான் டிஆர்எஸ் முறையை முதன்முதலில் சோதித்துப் பார்த்தார்கள். அம்பயர் தீர்ப்பை எதிர்த்து ஆட்டக்காரரே முறையிடலாம் என்ற வழி. சிட்னிக்காக அவ்வளவு கொதித்த நாம்தான், பிறகு பல வருடம் அந்த முறையே வேண்டாம் என்று நின்றோம். 2016 கடைசியில் இங்கிலாந்து தொடரில்தான் முழுதாக ஏற்றுக்கொண்டோம். தப்பின் மேல் கோபம் இருப்பது வேறு, தப்பைத் திருத்துகிற ஏற்பாட்டில் அக்கறை இருப்பது வேறு. இரண்டாவதற்குப் பொறுமை வேண்டும்.

அந்த ஏற்பாடும் ஒரு பாடம் சொல்கிறது. இஷ்டத்துக்கு முறையிட முடியாது. டெஸ்டில் ஒரு இன்னிங்ஸில் மூன்று தடவை தோற்றால் அதோடு சரி. 2019 ஆகஸ்டில் லீட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியா இதை அனுபவித்தது. இங்கிலாந்துக்குக் கடைசி விக்கெட், இரண்டே ரன் வேண்டும். லயன் போட்ட பந்து ஸ்டோக்ஸ் காலில் பட்டது. அம்பயர் அவுட் இல்லை என்றார். ரீப்ளேயில் பந்து ஸ்டம்பில் படும் என்று காட்டியது. ஆனால் ஆஸ்திரேலியாவிடம் முறையீடு பாக்கி இல்லை. முந்தின ஓவரில்தான், லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்திய ஒரு பந்துக்குப் பதற்றத்தில் கேட்டு வீணடித்திருந்தார்கள். ஸ்டோக்ஸ் 135 ரன்னோடு ஆட்டத்தை முடித்தார். எல்லாவற்றுக்கும் கத்துகிறவனுக்கு, நிஜமாகக் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்க எதுவும் மிச்சம் இருக்காது. குடும்பத்திலும் அப்படித்தான், சங்கக் கூட்டத்திலும் அப்படித்தான்.

தப்பு செய்கிற பக்கத்தில் இருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் வங்கி கவுன்டரில் உட்கார்ந்தவன் நான். லெட்ஜர் கையால் எழுதிய காலத்தில் ஒருமுறை, ஒரு பென்ஷன்காரர் கட்டிய ஐந்நூறு ரூபாயை அதே பெயருள்ள வேறொருவர் கணக்கில் எழுதிவிட்டேன். அவர் வந்தார். பாஸ்புக்கைத் திறந்து கவுன்டரில் வைத்து, கட்டிய சலானையும் பக்கத்தில் வைத்து, "தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார். பார்த்தவுடன் எனக்கு வியர்த்துவிட்டது. திருத்தினேன். அதே வாரம் இன்னொருவர் வந்து, தன் கணக்கில் பணம் குறைகிறது என்று கூட்டத்துக்கு நடுவில் கால் மணி நேரம் கத்தினார். தேடிப் பார்த்தால் அவரே கொடுத்த செக். அவர் மறந்திருந்தார். அந்தத் தடவை தப்பு என்னுடையது இல்லை. ஆனாலும் அன்று சாயங்காலம் கேஷ் எண்ணும்போது கை நடுங்கி இரண்டு தடவை கணக்கு மாறியது.

கத்தினால் அம்பயர் ஜாக்கிரதையாக இருப்பார் என்று நாம் நினைக்கிறோம். இல்லை. கத்தினால் அடுத்த பந்தையும் அவர் பயத்தோடு பார்ப்பார். நம் சத்தம் ஒரு தப்பை இரண்டாக்கும். அந்தப் பென்ஷன்காரருக்குப் பிறகு, அவர் பெயர் வருகிற ஒவ்வொரு சலானையும் நான் இரண்டு தடவை பார்த்தேன். யார் என்னை நல்ல கிளார்க் ஆக்கினார் என்று நீங்களே சொல்லுங்கள்.

வங்கியில் இன்னொரு வழக்கம் உண்டு. தப்பாக எழுதியதைச் சுரண்டக் கூடாது, அழிக்கக் கூடாது. ஒரே கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். தப்பும் தெரிய வேண்டும், திருத்தியதும் தெரிய வேண்டும், யார் பொறுப்பு என்பதும் தெரிய வேண்டும். கணக்கு டேலி ஆகாமல், காரணமும் உடனே கிடைக்காவிட்டால், வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு வைத்துவிட்டு மறுநாள் வேலையைத் தொடங்க வேண்டும். அந்த வித்தியாசத்தை யாரும் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. நிதானமாகத் தேட எடுத்து வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். மேட்ச்சில் ஒரு தப்பான தீர்ப்பு வந்தால் அதைச் சஸ்பென்ஸில் போடுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு எடுத்துப் பார்க்கலாம். பாதித் தீர்ப்புகள் அதற்குள் தானாக டேலி ஆகியிருக்கும்.

நான் படித்ததில் மறக்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவில் பேஸ்பால் என்ற ஆட்டம். நம் பௌலர் மாதிரி அங்கே பிட்சர். ஒரு ஆட்டத்தில் எதிரணியின் 27 பேரையும் வரிசையாக, ஒருவரைக்கூட முதல் தளத்தில் கால் வைக்க விடாமல் வெளியேற்றினால் அது முழுமையான ஆட்டம். நூறு வருடத்துக்கும் மேலான வரலாற்றில் அதுவரை 20 தடவைதான் நடந்திருந்தது. 2010 ஜூன் 2-ந் தேதி டெட்ராய்ட் நகரில் அர்மாண்டோ கலராகா என்ற பிட்சர் 26 பேரை முடித்துவிட்டார். 27-வது ஆளும் அவுட்தான். ஆனால் ஜிம் ஜாய்ஸ் என்ற அனுபவமுள்ள அம்பயர் அவுட் இல்லை என்று கையை விரித்துவிட்டார். அப்போது அந்தத் தீர்ப்பை வீடியோ பார்த்து மாற்ற வழி இல்லை.

கலராகா என்ன செய்தார் தெரியுமா? லேசாகச் சிரித்தார். திரும்பிப் போய் அடுத்த பந்தைப் போட்டார். அடுத்த ஆளை அவுட் ஆக்கி ஆட்டத்தை முடித்தார். ஆட்டத்துக்குப் பிறகு ஜாய்ஸ் ரீப்ளேயைப் பார்த்துவிட்டு, பிட்சரிடமும் பத்திரிகைக்காரர்களிடமும் தன் தப்பை நேரடியாக ஒப்புக்கொண்டார். மறுநாளும் அவருக்கு அதே மைதானத்தில் அம்பயர் வேலை. ஆட்டத் தொடக்கத்தில் ஆட்டக்காரர் பட்டியலை அம்பயரிடம் கொடுப்பது வழக்கம். அன்று அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் கலராகா. ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டெட்ராய்ட் ரசிகர்கள், முந்தின நாள் சாதனையை இழந்த அதே ஊர்க்காரர்கள், கை தட்டினார்கள்.

சாதனைப் புத்தகத்தில் கலராகாவின் பெயர் இல்லை. நஷ்டம் நஷ்டம்தான். ஆனால் ஜாய்ஸால் மறுநாள் வேலைக்கு வர முடிந்தது. அதுதான் என்னை நிறுத்தியது. நம் அம்பயரால் மறுநாள் வர முடியவில்லை.

போன பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் என் பேரன், "தாத்தா, அந்த அண்ணா இப்பல்லாம் கீழே விளையாட வர்றதே இல்ல" என்றான். அவுட் ஆனது அவன். கப் போனதும் அவனுக்குத்தான். அவனுக்கு அந்த அண்ணா மேல் கோபம் இல்லை. பரீட்சை நேரமாக இருக்கும் என்று நான் சொல்லி வைத்தேன். இரண்டு மாதம் கழித்து லிஃப்டில் பையனைப் பார்த்தேன். "வணக்கம் அங்கிள்" என்றான், தரையைப் பார்த்தபடி. மூன்றாவது மாடியில் இறங்கிக்கொண்டான். அவர்கள் வீடு ஐந்தாவது மாடி. மிச்சம் இரண்டு மாடியை அவன் படியேறிப் போவதை, கதவு மூடும்போது பார்த்தேன்.

அறுபது வயது தாண்டிய ஒருவனோடு இரண்டு மாடி சேர்ந்து வர ஒரு பிள்ளை பயப்படுகிறான். நமக்கு நஷ்டம் என்ன என்று கேட்டால், இதுதான்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பத்து மாதம் தாமதம். அப்பா, அம்மா, பையன் மூன்று பேரையும் உட்கார வைத்து, நான் சொன்னது தப்பு, மன்னித்துவிடு தம்பி என்றேன். அவன், "பரவாயில்ல அங்கிள். எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது" என்றான். இவ்வளவுதான் ஒரு அம்பயரால் சொல்ல முடியும். தனக்குத் தெரிந்ததைத்தான் அவன் சொன்னான். எனக்குச் சாதகமாக இல்லை என்பதுதான் என் புகார். கூட்டத்தில் இதைச் சொல்லலாமா என்று கேட்டேன். "பேர் சொல்லாம சொல்லுங்க" என்றான். அதனால்தான் சொல்கிறேன். அன்று எத்தனை பேர் முன்னால் கத்தினேனோ அத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்பதுதான் கணக்கு. ஒரே கோடு போட்டு அடித்து, கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

இந்த வருடப் போட்டிக்கு நாலு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். சங்க நிர்வாகிகளிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஒன்று, பிள்ளைகளைத் தனியாக அம்பயராக நிறுத்த வேண்டாம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் சேர்ந்து நிற்கட்டும். முதல் ஆட்டத்துக்கு நான் நிற்கிறேன். என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வருகிறேன். நீங்கள் பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

இரண்டு, ஒவ்வொரு அணிக்கும் ஒரு முறையீடு. கேப்டன் மட்டும் வந்து கேட்கலாம். இரண்டு அம்பயர்களும் கலந்து பேசிச் சொல்வதுதான் முடிவு. நாற்காலியிலிருந்து முறையீடு கிடையாது.

மூன்று, ஆட்டத்தின் வீடியோவைக் குழுவில் போடுங்கள். நல்ல ஷாட், நல்ல கேட்ச் எல்லாம் போடுங்கள். அம்பயர் தீர்ப்பு சம்பந்தமான வீடியோவைப் போட்டிக் குழுவிடம் மட்டும் காட்டுங்கள். அடுத்த ஆட்டத்தில் கோட்டை இன்னும் பட்டையாகப் போட வேண்டுமா, அம்பயர் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்ய அது உதவும். பிள்ளைகள் முகத்தை வைத்து ஜோக் அடிக்க வேண்டாம்.

நாலாவது, ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளும் அம்பயரிடம் போய்க் கை கொடுக்க வேண்டும். தோற்ற அணி முதலில். அன்றைக்குத் தப்பு நடந்திருந்தால் கட்டாயம் கொடுக்க வேண்டும்.

நோட்டீஸ் போர்டில் ஆட்ட அட்டவணை ஒட்டியிருக்கிறார்கள். அணிப் பெயர்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. அம்பயர் என்ற இடத்தில் முதல் ஆட்டத்துக்கு என் பெயர் மட்டும் இருக்கிறது. பக்கத்தில் பிள்ளையின் பெயருக்கு இடம் விட்டிருக்கிறது. ஐந்தாவது மாடித் தம்பியைக் கேட்டேன். "யோசிச்சுச் சொல்றேன் அங்கிள்" என்றான். அவனை யாரும் வற்புறுத்த வேண்டாம். அவன் யோசிப்பதற்கு நாம்தான் காரணம் கொடுத்தோம். அவன் வருவதற்கும் நாம்தான் காரணம் கொடுக்க வேண்டும்.

எல்லோருக்கும் முன்கூட்டிய பொங்கல் வாழ்த்துகள்.